நண்டுக் குழம்புக்கு எந்த வைன்?

நிலாவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "ஓகஸ்டில் தங்கச்சி குடும்பம் பாரிசிலிருந்து வருகிறது. மச்சான் பிரெஞ்சுக்காரர். அவருடைய தாயும் தகப்பனும் கூட வருகிறார்கள். ஒரு நாள் மத்தியானம் நண்டுக் குழம்பு, பாரை மீன் பொரியல், சிங்கிறால். அன்றிரவு பிட்டும் ஆட்டிறைச்சிப் பிரட்டலும். அம்மா இதையெல்லாம் இப்போதே முடிவெடுத்துவிட்டார். வைன் இல்லாவிட்டால் அவர்களுக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது என்று தங்கச்சி சொல்கிறாள். நான் குடிப்பதில்லை. மீனுக்கு வெள்ளை, இறைச்சிக்குச் சிவப்பு என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன். அது போதுமா?"

போதாது, தம்பி. நான் 14 வருடம் பயணிகள் கப்பலில் சாப்பாட்டுக்கூடத்தில் நின்றவன். கடைசி ஆறு வருடம் வைன் பரிமாறுவதுதான் வேலை. ஊருக்குத் திரும்பி, வீட்டுக்காரியின் சமையலோடு ஒவ்வொரு போத்தலாக வைத்துப் பார்த்த பிறகுதான் கப்பலில் படித்ததில் பாதி நம் அடுப்படிக்கு ஒத்துவராது என்று தெரிந்தது.

அந்த விதி பிறந்த வீடு வேறு. அங்கே மீன் என்றால் வெண்ணெயில் வாட்டி, மேலே கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. இறைச்சி என்றால் உப்பும் மிளகும் தூவி நெருப்பில் காட்டியது. வாயில் வைத்தால் மீன் மீனாகவும் இறைச்சி இறைச்சியாகவும் தெரியும். நம் வீட்டு நண்டுக் குழம்பில் முதலில் நாக்கைப் பிடிப்பது வறுத்த தூளின் உறைப்பு. அதற்குப் பின்னால் பழப்புளி. அதற்கும் பின்னால் தேங்காய்ப்பால். நண்டின் இனிப்பு கடைசியில் மெல்ல வரும். வைன் போய் மோதப் போவது அந்தக் குழம்போடுதான். ஆகவே மீனா இறைச்சியா என்பதை இரண்டாம் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி, உறைப்பு எவ்வளவு, புளி எவ்வளவு, தேங்காய்ப்பால் எவ்வளவு என்பது. அதை அம்மாவிடம் கேட்டால் தெரியும்.

குடிக்காதவருக்கு வைனை எப்படி விளங்கப்படுத்துவது என்று யோசித்தேன். இப்படிச் செய்து பாருங்கள். மூன்று கோப்பை எடுங்கள். ஒன்றில் சீனி போடாத பிளேன்டீ, சாயம் நன்றாக இறங்கி நாக்கை இழுக்கிற அளவுக்கு. ஆறவிட்டு வையுங்கள். இரண்டாவதில் தேசிக்காய்த் தண்ணி, உப்பும் வேண்டாம் சீனியும் வேண்டாம். மூன்றாவதில் அதே தேசிக்காய்த் தண்ணி, ஒன்றரைக் கரண்டி சீனியோடு. இனி அம்மாவின் மீன் குழம்பில் ஒரு வாய் சோறு குழைத்துச் சாப்பிட்டுவிட்டு ஒவ்வொரு கோப்பையிலும் ஒரு மிடறு குடியுங்கள். பிளேன்டீ உறைப்பை இன்னும் கிளறிவிடும், நாக்கைக் காயவைக்கும். தேசிக்காய்த் தண்ணி வாயைக் கழுவிவிட்டதுபோல இருக்கும், ஆனால் உறைப்பு அப்படியே நிற்கும். சீனி போட்டது உறைப்பைத் தலையில் தட்டி உட்கார வைக்கும்.

முதல் கோப்பைதான் கட்டியான சிவப்பு வைன். இரண்டாவது 'ட்ரை' என்று எழுதியிருக்கும் இனிப்பில்லாத வெள்ளை. மூன்றாவது இலேசாக இனிக்கிற வெள்ளை. இந்த மூன்று கோப்பையும் மனதில் நின்றால் கடையில் எந்தப் போத்தலைக் கண்டும் பயப்படத் தேவையில்லை.

பிளேன்டீயும் சிவப்பு வைனும் ஏன் ஒரே மாதிரி இழுக்கின்றன? இரண்டிலும் டனின் என்கிற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. கறுப்பு முந்திரிகையை, இந்தியாவில் திராட்சை என்பார்களே அதை, பிழிந்தாலும் அநேகமாக நிறமில்லாத சாறுதான் வரும். நிறமும் துவர்ப்பும் தோலில் இருக்கின்றன, விதையிலும் துவர்ப்பு உண்டு. சிவப்பு வைனுக்குத் தோலையும் விதையையும் சாற்றோடு ஊறவிட்டுப் புளிக்க வைப்பார்கள். வெள்ளைக்கு முதலிலேயே சாற்றைப் பிரித்துவிடுவார்கள். ஷாம்பெயின் செய்யும் மூன்று முக்கிய முந்திரிகைகளில் இரண்டு கறுப்பு. ஆனாலும் பெரும்பாலான போத்தல்களில் இருப்பது வெள்ளைதான்.

டனின் நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். வழுவழுப்புப் போய் நாக்கு சொரசொரப்பாவது அதனால்தான். பிளேன்டீயில் பால் விட்டால் துவர்ப்பு அடங்குகிறதல்லவா? டனினுக்குப் பிடித்துக்கொள்ளப் பால் புரதம் கிடைத்துவிடுகிறது. ஆட்டிறைச்சியின் கொழுப்பும் புரதமும் சிவப்பு வைனுக்குச் செய்வதும் அதே வேலைதான். இறைச்சிக்குச் சிவப்பு என்ற விதியின் நியாயம் இவ்வளவுதான், அதில் பிழை இல்லை.

மீனுக்குச் சிவப்பு ஏன் ஆகாது என்பதற்குத் துவர்ப்பு மட்டும் காரணமில்லை. ஜப்பானில் மெர்சியன் என்ற வைன் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 38 சிவப்பு, 26 வெள்ளை வைன்களைக் கடற்சிப்பிச் சதையோடு சுவைக்கவைத்துப் பார்த்தார்கள். முடிவு 2009 இல் வெளியானது. எந்த வைனில் இரும்புச்சத்துக் கூடவோ, அது வாயில் ஒரு வெடுக்கை விட்டுச் சென்றது. சிவப்பில் இரும்பு கூடுதலாக இருப்பது வழக்கம் என்பதால் பழி சிவப்பின் தலையில் விழுந்தது. இரும்பு குறைந்த சிவப்புகள் அந்த வெடுக்கைத் தரவில்லை. போத்தலில் இரும்பின் அளவை எழுதமாட்டார்கள், ஆகவே கடையில் நிற்கிற நமக்கு இது உதவாது. மீனோடு சிவப்பு குடித்துத் தப்பியவர்களும் ஏன் இருக்கிறார்கள் என்பதற்குத்தான் சொன்னேன்.

இனி உறைப்பு. நம் சாப்பாட்டுக்கு வைன் தேடும்போது எல்லோரும் வழுக்குகிற இடம் இது. கொச்சிக்காயின் உறைப்பு உண்மையில் சுவையே இல்லை. வாயில் சூட்டை உணரும் நரம்பு முனைகளை அது ஏமாற்றுகிறது. அந்த முனைகள் சாதாரணமாக 42 பாகை அளவுச் சூட்டில்தான் 'சுடுகிறது' என்று செய்தி அனுப்பும். மதுசாரம் பட்டால் 34 பாகையிலேயே அனுப்பத் தொடங்கிவிடும் என்று 2002 இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. நம் உடம்பின் சூடே 37. அதாவது மதுசாரம் தனியாகவே வாயைச் சுட வைக்கும், கொச்சிக்காயோடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே உறைப்பான கறிக்குப் போத்தலில் முதலில் பார்க்க வேண்டியது நிறமில்லை, சின்ன எழுத்தில் ஒரு மூலையில் இருக்கும் சதவீதம். 14.5 என்று இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். 12க்குக் கீழே என்றால் நல்லது. 9 என்று கண்டால் விடாதீர்கள்.

அப்படி 8, 9 சதவீதத்தில் வருவது ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரை ரீஸ்லிங். 'காபினெட்' என்ற சொல் போத்தலில் இருக்கும். 'ட்ரோக்கன்' என்று சேர்த்து எழுதியிருந்தால் அது இனிப்பில்லாதது, அதை விட்டுவிடுங்கள். புளிப்புத் தூக்கலாக இருக்கும், அதற்குக் கீழே இனிப்பு மறைந்திருக்கும். உங்கள் மூன்றாவது கோப்பை அச்சாக இதுதான். பழப்புளி விட்ட குழம்புக்குப் புளிப்புள்ள வைன்தான் தாக்குப் பிடிக்கும். புளிப்புக் குறைந்த வைன் புளிக் குழம்பின் முன்னால் தண்ணியாகிவிடும். இனிப்பு உறைப்பைச் சமாளிக்கும், மதுசாரம் குறைவு என்பதால் எரியாது. நண்டுக் குழம்புக்கு என் முதல் தெரிவு இதுதான்.

ஒரு சிக்கல் வரலாம். பிரெஞ்சுக்காரர் சிலருக்குச் சாப்பாட்டு நடுவில் இனிப்பு வைன் என்றால் முகம் சுளிக்கும். சம்பந்தி முதல் மிடறுக்கு முன்னால் போத்தலைத் திருப்பிப் படிக்கத்தான் போகிறார். நண்டுக் காலை உடைத்து உறிஞ்சி, கண்ணில் தண்ணி வந்து, அதற்குப் பிறகு கிளாசைத் தூக்கட்டும். கப்பலில் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். முதல் கிளாசுக்கு உதட்டைப் பிதுக்கியவர்தான் இரண்டாவது கிளாசுக்குக் கையைத் தூக்குவார். மோசல் கிடைக்காவிட்டால் தென்னாபிரிக்காவின் ஷெனின் பிளாங் பாருங்கள், அதில் இலேசான இனிப்புள்ளதும் வரும். பிரெஞ்சு வைன்தான் வேண்டும் என்று தங்கச்சி நின்றால் அல்சாஸ் ரீஸ்லிங். அது பெரும்பாலும் இனிப்பில்லாமல் வரும், மதுசாரமும் கூடுதலாக இருக்கும். சம்பந்திக்கு ரோசம் வராது, அவ்வளவுதான் இலாபம்.

மசாலாச் சாப்பாட்டுக்குக் கெவூர்ஸ்ட்ரமினர் என்று ஆங்கிலப் புத்தகங்களில் திரும்பத் திரும்ப எழுதியிருப்பார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. வாசம் என்னவோ அபாரம். லீச்சிப் பழமும் ரோசாப்பூவும் சேர்ந்த மாதிரி. லீச்சியின் வாசத்துக்கும் இந்த வைனின் வாசத்துக்கும் காரணமான பொருள்களில் முக்கியமான ஒன்று இரண்டிலும் ஒன்றேதான். ஆனால் புளிப்புக் குறைவு, மதுசாரம் 13, 14 என்று போகும். இஞ்சியும் கறுவாவும் ஏலமும் மணக்கிற, உறைப்பில்லாத கோழிக் கறிக்குச் சரி. பழப்புளிக் குழம்புக்கு முன்னால் அது வாசனைத் தண்ணிதான்.

பாரைப் பொரியல் இருப்பதிலேயே சுலபம். உப்பு, மஞ்சள், கொஞ்சம் மிளகாய்த்தூள், மேலே தேசிக்காய்ப்புளி. இரண்டாவது கோப்பை போதும். நியூசிலாந்து மார்ல்பரோவின் சோவிஞோன் பிளாங், பிரான்சின் மஸ்கடே, போர்த்துக்கலின் வினோ வேர்தே, எது கிடைத்தாலும் பழுதில்லை. குமிழி வைன் இருந்தால் இன்னும் நல்லது. எண்ணெய்ப் பலகாரத்தோடு சோடா குடித்தால் வாய் துப்புரவாவது போலத்தான்.

சிங்கிறால் எப்படிச் சமைக்கப் போகிறீர்கள் என்று சொல்லவில்லை. தூள் போட்டுப் பிரட்டினால் நண்டுக்குச் சொன்னதே. ஆனால் அம்மா சம்மதித்தால் ஒன்று கேட்பேன். வெள்ளைக் கறியாக, முதற்பாலில், பச்சைமிளகாய் இரண்டே இரண்டு கீறிப் போட்டு, மஞ்சளும் கறிவேப்பிலையுமாக, சொதிக்குக் கொஞ்சம் தடிப்பாக வைக்கச் சொல்லுங்கள். அதற்கு ஓக் மரப் பீப்பாயில் கிடந்த ஷார்டொனே என்ற வெள்ளை வைன். காரணம் இருக்கிறது. ஓக் மரத்தில், அதிலும் அமெரிக்க ஓக்கில், தேங்காய் மணக்கிற ஒரு பொருள் உண்டு. அது வைனில் இறங்கும். கப்பலில் எங்களுக்குப் பாடம் எடுத்த இத்தாலியர் கிளாசை மூக்கடியில் பிடித்து "தேங்காய், தேங்காய்" என்பார். அவர் தேங்காய் துருவுவதைப் பார்த்தே இருக்கமாட்டார். எனக்கோ அந்த மணம் வந்ததும் திருவலையில் உட்கார்ந்திருக்கும் அப்பம்மாதான் கண்ணில் தெரிந்தார். சிங்கிறாலின் இனிப்பும் முதற்பாலின் கொழுப்பும் அந்த வைனும் ஒன்றுக்குள் ஒன்று போய் ஒட்டிக்கொள்ளும். பச்சைமிளகாயை ஆறாக்கினால் எல்லாம் போச்சு.

கணவாய் வாங்கினால் மிளகு போட்டுப் பிரட்டுங்கள், பொரியலுக்குச் சொன்ன வைனே போதும். சூரை, கேரை மாதிரிச் சிவந்த சதை மீனைத் தணலில் வாட்டினால், குளிரவைத்த பினோ நுவார் என்ற மெல்லிய சிவப்போடு சாப்பிடலாம்.

இரவுச் சாப்பாட்டுக்கு வருவோம். ஆட்டிறைச்சி என்றதும் கடைக்காரர் கபர்னே சோவிஞோனை எடுத்துத் தருவார். உலகம் முழுக்கப் பெயர் போனது, தட்டு நிறையக் கிடைப்பது. (ஒரு வேடிக்கை: இந்தக் கறுப்பு முந்திரிகையின் தாய் தகப்பன் யார் என்று கலிபோர்னியாவில் மரபணுவைச் சோதித்து 1997 இல் கண்டுபிடித்தார்கள். ஒன்று கபர்னே ஃபிராங். மற்றது வெள்ளை வைன் செய்கிற சோவிஞோன் பிளாங்.) வாட்டிய ஆட்டிறைச்சிக்கு அது ராசா. நம் பிரட்டலுக்கு வேண்டாம். பிளேன்டீக் கோப்பையை நினைத்துப் பாருங்கள். அத்தனை துவர்ப்பும், 14 சதவீத மதுசாரமும், வறுத்த மிளகாய்த்தூளும் ஒரே வாயில் சந்தித்தால் விருந்தாளிக்கு இறைச்சியும் தெரியாது, வைனும் தெரியாது.

பிரட்டலுக்கு என் தெரிவு ஷிராஸ் என்ற சிவப்பு, ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஷிராசை மிளகு மணக்கிறது என்று காலங்காலமாகச் சொல்லி வந்தார்கள். 2008 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதற்குக் காரணமான ரொட்டன்டோன் என்ற பொருளைப் பிடித்தார்கள். கறுப்பு மிளகில் மிளகு வாசத்தைத் தருவதும் அதேதான். ஆகவே அம்மாவிடம் மிளகாய்த்தூளைப் பாதியாக்கி, அந்த இடத்தை மிளகால் நிரப்பச் சொல்லுங்கள். இடித்த மிளகு, பெருஞ்சீரகம், கறுவா, இறக்கும்போது ஒரு கைப்பிடி கறிவேப்பிலை. பிட்டில் தேங்காய்ப்பூ கொஞ்சம் கூட விழட்டும், அதுவும் சூட்டைத் தணிக்கும். அப்படி வைத்தால் ஷிராஸ் அந்தப் பிரட்டலுக்கென்றே பிறந்தது போல இருக்கும். அவுஸ்திரேலியாவின் ஷிராஸ் பல 14ஐத் தாண்டும். 13, 13.5 உள்ளதைத் தேடுங்கள். பிரான்சில் இதே முந்திரிகைக்கு சிரா என்று பெயர். ரோன் பள்ளத்தாக்கில் இதைக் கிரெனாஷ் முந்திரிகையோடு கலந்து செய்வதுதான் கோட் டு ரோன். துவர்ப்பு மிதமாக இருக்கும், சம்பந்திக்கும் ஊர் ஞாபகம் வரும்.

அம்மா மிளகாயைக் குறைக்கச் சம்மதிக்காவிட்டால்? சம்மதிக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன், என் வீட்டிலும் அதே கதை. அப்போது ஷிராசை மறந்துவிட்டு போஜோலே வாங்குங்கள். கமே என்ற முந்திரிகையில் செய்வது, துவர்ப்புக் குறைவு, பழச்சுவை அதிகம், குளிரவைத்துக் குடிக்கலாம்.

ரோஸே என்ற இளஞ்சிவப்பு வைனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கறுப்பு முந்திரிகைத் தோலைச் சில மணி நேரம் மட்டும் ஊறவிட்டு எடுப்பது. துவர்ப்புப் பெரிதாக இறங்காது, புளிப்பு நிற்கும். மேசையில் பொரியலும் பிரட்டலும் பருப்பும் சம்பலும் ஒரே நேரத்தில் இருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு போத்தல் திறக்க முடியுமா? ஒரே ஒரு போத்தல்தான் வாங்கப் பணம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். தென் பிரான்சில் கோடையில் ரோஸேயில் ஐஸ் போட்டே குடிப்பார்கள். நீச்சல்குளம் என்று பொருள்படும் 'பிசீன்' என்று அதற்குப் பெயரும் உண்டு. ஆகவே திருகோணமலையில் ஐஸ் கேட்டால் வெட்கப்படாமல் கொடுங்கள்.

இனிச் சூடு. வைனைச் சரியாகத் தெரிவு செய்தும் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இதில்தான். சிவப்பு வைனை அறைச் சூட்டில் பரிமாற வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கும். அது கல் சுவர் வைத்த பழைய ஐரோப்பிய வீட்டின் அறை, 16, 18 பாகை இருக்கும். ஓகஸ்ட் மாதத்தில், கச்சான் காற்று அடிக்கும்போது நம் விறாந்தை எத்தனை பாகை? அந்தச் சூட்டில் சிவப்பு வைனை ஊற்றினால் மதுசாரம் மட்டும் மூக்கில் ஏறும். சிவப்பைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் பிரிட்ஜில் வையுங்கள். போஜோலே என்றால் ஒன்றரை மணி நேரம். வெள்ளையும் ரோஸேயும் காலையிலேயே உள்ளே போகட்டும். ஷார்டொனேயை மட்டும் பரிமாற இருபது நிமிடத்துக்கு முன் வெளியே எடுங்கள், அளவுக்கு மிஞ்சிக் குளிர்ந்தால் அந்தத் தேங்காய் மணம் வாய் திறக்காது. கிளாசில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம், நம் வெக்கையில் மிச்சம் சூடாகிவிடும். அவசரம் என்றால் ஒரு வாளியில் ஐஸ், தண்ணி, ஒரு கைப்பிடி உப்பு. ஐசை மட்டும் போட்டால் வேலைக்காகாது, தண்ணியும் வேண்டும். இருபது நிமிடத்தில் போத்தல் வியர்க்கும்.

நான் பட்ட பாட்டையும் சொல்கிறேன். ஊருக்கு வந்த முதல் வருடம் கப்பல் கூட்டாளி ஒருவன் தந்த நல்ல சிவப்பு வைன் ஆறு போத்தலை நத்தாருக்கு என்று மே மாதத்தில் அலுமாரிக்கு மேல் ஏற்றி வைத்தேன். மேலே தகரக் கூரை. டிசம்பரில் இறக்கிப் பார்த்தால் இரண்டில் தக்கை ஒரு விரல்நகம் அளவுக்கு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. போத்தல் கழுத்தில் இருந்து ஒட்டுத்தாள் வரைக்கும் பிசுபிசுவென்று ஒரு சிவப்புக் கோடு, அதில் எறும்பு. திறந்தால் காய்ச்சிய முந்திரிகைப் பாகு மணம், வாயில் வைத்தால் ஒரு கசப்பு. ஆறும் அப்படியே. வாங்கிய வைனை விருந்து வரைக்கும் பிரிட்ஜின் அடித்தட்டில் படுக்க வையுங்கள். இடமில்லை என்று அம்மா சத்தம் போட்டால், வீட்டிலேயே குளிர்ச்சியான, வெயில் எட்டாத மூலையில் சில நாள் தாங்கும். மாதக்கணக்கில் தாங்காது. காருக்குள் மட்டும் ஒரு மணி நேரமும் விடாதீர்கள்.

சூட்டில் கெடாத வைன் ஒன்று உண்டு, மதீரா. போர்த்துக்கேயரின் மதீராத் தீவிலிருந்து கப்பலேறி வெப்ப நாடுகளைச் சுற்றி வந்த பீப்பாய்கள் கெடுவதற்குப் பதிலாகச் சுவை கூடி வந்ததைக் கண்டு, பிறகு வேண்டுமென்றே சூடாக்கிச் செய்யத் தொடங்கினார்கள். இன்றைக்கும் ஒரு முறையில் 45, 50 பாகைச் சூட்டில் மூன்று மாதமாவது வைத்துத்தான் எடுக்கிறார்கள். தங்கச்சி வரும் வழியில் வரியில்லாக் கடையில் இனிப்பு மதீரா கண்டால் ஒரு போத்தல் வாங்கி வரச் சொல்லுங்கள், வட்டிலப்பத்துக்கு. கருப்பட்டியும் மதீராவும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல இருக்கும். இனிப்புப் பலகாரத்துக்கு வைக்கும் வைன் பலகாரத்தைவிட இனிப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வைன் புளித்துப் போய்விடும். மூதூர்த் தயிரும் பாணியும் கொடுத்தால் வைன் வேண்டாம். அதற்கு ஈடு தேத்தண்ணிதான்.

கடைக்குப் போகும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம். இங்கே அலுமாரிகளில் நிற்கும் திராட்சை வைன் அநேகமாக எல்லாம் கப்பலேறி வந்தவை, வரியும் ஏறியவை. ஆகவே மலிவாகக் கிடைக்காது, ஆனால் விலை கூடினால் நம் கறிக்கு நல்லது என்றும் இல்லை. பெரிய விலைச் சிவப்புகளில் துவர்ப்பும் ஓக்கும் கூடத்தான் இருக்கும். கண்ணாடி யன்னலோரம் வெயில் படுகிற இடத்தில் நிற்கும் போத்தலைத் தொடாதீர்கள். வெள்ளையிலும் ரோஸேயிலும் வருடத்தைப் பாருங்கள், இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் போனது வேண்டாம். வைன் பழசாகப் பழசாக நல்லது என்பது எல்லாப் போத்தலுக்கும் பொருந்தாத கதை. திருகு மூடி என்றால் மட்டமான வைன் என்று நினைக்க வேண்டாம். அவுஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் நல்ல ரீஸ்லிங் செய்கிறவர்களே 2000 ஆம் ஆண்டில் ஒன்றுசேர்ந்து திருகு மூடிக்கு மாறினார்கள், தக்கையால் வரும் பூஞ்சண வாசத்துக்குப் பயந்து. தக்கை திருகி இல்லாத வீட்டில் அதைப் போல வசதியும் வேறில்லை.

அளவு. ஒரு போத்தல் 750 மில்லிலீற்றர், ஐந்து கிளாஸ் வரும். குடிக்கப் போவது நாலு பேர்தான் என்றால் மத்தியானத்துக்கு இரண்டு, இரவுக்கு இரண்டு. மத்தியானம் நண்டுக்கு ஒரு ரீஸ்லிங், பொரியலுக்கும் சிங்கிறாலுக்கும் சேர்த்து ஒரு வெள்ளை. வெள்ளைக் கறி என்றால் அது ஷார்டொனே, இல்லாவிட்டால் சோவிஞோன். இரவுக்கு இரண்டும் ஒரே சிவப்பாக இருக்கட்டும். ஐந்தாவதாக ஒரு ரோஸே, யாருக்கு எது பிடிக்காமல் போனாலும் கைகொடுக்கும். குடிக்காத உங்களுக்கும் வீட்டாருக்கும் குளிரவைத்த நெல்லிரசம் அதே கிளாசில் ஊற்றுங்கள். புளிப்பும் இனிப்பும் துவர்ப்பும் சேர்ந்த அது நண்டுக் குழம்புக்குப் பல வைனைவிட நன்றாகவே பொருந்தும்.

ஓகஸ்டில் போயா வரும், அன்று நாடு முழுக்க மதுபானக் கடை பூட்டு. நாட்காட்டியைப் பார்த்து முன்கூட்டியே வாங்குங்கள். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கமாட்டார்கள், தம்பி மகனைக் கடைக்கு அனுப்ப வேண்டாம். விருந்து வெள்ளிக்கிழமையில் விழுந்தால் அதை மாற்றிவிடுங்கள். வெள்ளிக்கிழமை மரக்கறிச் சமையலும் கோணேசர் கோவில் விபூதியுமாக இருக்கும் வீட்டில் வைன் போத்தல் மேசையில் நின்றால் அம்மாவுக்குச் சோறு இறங்காது. அன்றைக்கு மோர் கொடுங்கள், பிரெஞ்சுக்காரர் ஒரு நாள் தாங்குவார்.

மிஞ்சினால் மூடியை இறுக்கிப் பிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள், சிவப்பும்தான். மூன்று நாலு நாளைக்கு இருக்கும். அதற்குப் பிறகு ஆட்டிறைச்சியை ஊறவைக்க ஒரு அரைக் கோப்பை விடலாம், அம்மாவிடம் சொல்லாமல் செய்யாதீர்கள்.